சுப்பராயலுவின் சங்கிலிச் சத்தம்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திண்டிவனம் கடைவீதியில் ஒரு காலை, மிதிவண்டியில் போய்க்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று இறங்கினார். குனிந்து தம் வண்டிச் சங்கிலியை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடாமல் ஏறிப் போய்விட்டார். அவ்வளவுதான். ஆனால் அவர் பார்த்ததில் ஒரு பிழை இருந்தது. அது என்னவென்று மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். அதற்குள் அவருக்கு ஒரு பெயரும், ஒரு மனைவியும், ஓர் எதிராளியும் தேவைப்படுகிறார்கள்.

முதலில் இதை விலங்குக் கதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வகுப்பில் கதை சொல்லியே பழகிய வாத்தியார் வாய் வேறெப்படித் தொடங்கும்?

"ஓர் ஏரிக்கரையில் ஒரு நாரையும் ஒரு நீர்க்காகமும் இருந்தன. நாரை பறந்தால் சிறகோசையே கேட்பதில்லை. அதைக் கண்ட நீர்க்காகம் தன் சிறகை—"

இங்கே நிறுத்திவிட்டேன். நீர்க்காகத்துக்கு மனைவியிடம் பேச்சு வாங்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக் குடத்தைப் பார்த்து வயிறு எரியவும் தெரியாது. இந்தக் கதைக்கு மனிதனே வேண்டும். ஆகவே சிறகைச் சங்கிலியாக்கிக்கொண்டேன்.

2

ஆண்டு 1961 என்று வைத்துக்கொள்வோம். காணும் பொங்கலன்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை வாலிபர் சங்கத்தார் மிதிவண்டிப் பந்தயம் நடத்துவார்கள். முதலில் வருபவனுக்குப் பித்தளைக் குடம்; அடுத்தவனுக்கு எவர்சில்வர் தூக்கு.

மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடும் சுப்பராயலுவின் வீட்டில் தூக்குகள் வரிசையாக இருந்தன. எண்ணெய் மில்லில் மேஸ்திரியான தேவநாதன் வீட்டில் குடங்கள் இருந்தன. இருவரும் ஒரே தெரு, ஒன்றாகவே பழகியவர்கள். தேவநாதனின் மனைவி கெங்கம்மாள், 'முதல் பரிசு' என்று வெட்டிய குடத்தைத்தான் நாள்தோறும் இடுப்பில் வைத்துக் கிணற்றடிக்கு வருவாள்.

"நானும் தூக்கை எடுத்துக்கினு போயி மொள்றதா?" என்று சுப்பராயலுவின் மனைவி சின்னபொண்ணு அவனைக் கேட்பாள். "ஒரு அண்டா ரொம்பறதுக்குள்ள பொழுது சாஞ்சுடும்."

இந்த ஆண்டு குடம் வராவிட்டால் இனிப் பந்தயமே வேண்டாம் என்று சுப்பராயலு தீர்மானித்திருந்தான். மார்கழி விடியலில் இருவரும் சேர்ந்தே விழுப்புரம் சாலையில் கூட்டேரிப்பட்டு வரை ஓட்டிப் பழகிவிட்டு வருவார்கள். அப்போதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது.

டிக்.

மிதிக்கு ஒரு தடவை கேட்டால் பெடலில் கோளாறு. சக்கரம் சுற்றும்போதெல்லாம் கேட்டால் சக்கரத்தில் கோளாறு. இது அப்படியில்லை. இரண்டு மூன்று மிதி அமைதி, பிறகு ஒரு டிக். அப்படியென்றால் சங்கிலி முழுச்சுற்று வரும்போதெல்லாம் ஒரே கண்ணிதான் பல்லில் இடறுகிறது. சுப்பராயலு இதைச் சரியாகவே கணித்தான்.

"இன்னா மச்சான், வண்டி தாளம் போட்டுக்கினு வருது" என்றான் தேவநாதன்.

"வண்டிக்கு வயசாயிடுச்சு."

"வண்டிக்கா, உனக்கா?"

தேவநாதன் கைப்பிடியில் ஒரு கை மட்டும் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்காமல் சிரித்தான். அந்தச் சிரிப்பைவிட, மூச்சு வாங்காததுதான் சுப்பராயலுவைச் சுட்டது.

வீட்டுக்கு வந்து சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். ஒவ்வொரு கண்ணியாக மடக்கிப் பார்த்தான். எல்லாம் நன்றாகவே மடங்கின. மறுநாளும் டிக். எண்ணெய் மில்லில் வேலை செய்கிற தேவநாதனின் வண்டி மட்டும் ஏன் ஓசையில்லாமல் ஓடுகிறது என்று யோசித்து, தனக்குத்தானே தலையசைத்து, அடுப்பங்கரைக்குப் போனான்.

"எண்ணெய்ச் சட்டிய எங்க எடுத்துக்கினு போறீங்க?" என்றாள் சின்னபொண்ணு.

"செயினுக்கு."

"மல்லாட்ட எண்ணெய்யா? அப்படியே ரெண்டு வடையும் அதுல சுட்டுக்கினு வாங்க."

[குறிப்பு: மல்லாட்டை எண்ணெய் சங்கிலிக்கு ஆகாது. முதல் நாள் வழுக்கும். பிறகு பிசினாகி, ரோட்டுப் புழுதியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். கதைக்கு இது அவசியமில்லை. படித்துவிட்டு யாரும் பூசிவிடக் கூடாதே என்று சொல்கிறேன்.]

சுப்பராயலுவின் சங்கிலியும் பிசினாயிற்று. மறுபடி மண்ணெண்ணெய். மறுபடி டிக்.

இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு தெரிந்தவனுக்கு அது மட்டும் ஏன் தெரியவில்லை? எழுதியதைக் கிழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு கடைவீதியில் குனிந்து நின்றவரின் முதுகு நினைவுக்கு வந்தது.

3

பொங்கலுக்குச் சற்று முன்னால், மாமனார் வீட்டு விசேஷத்துக்காகத் தேவநாதன் ஓமந்தூர் போயிருந்தான். சுப்பராயலு தனியாகவே கிளம்பினான். கூட்டேரிப்பட்டு வரைக்கும், திரும்பி வரும் வரைக்கும், ஒரு டிக் கூட இல்லை. வீட்டுக்கு வந்தவன் வண்டியைத் துணியால் துடைத்தபடி சீட்டியடித்தான்.

மறுநாள் தேவநாதன் சேர்ந்துகொண்டான். டிக்.

இவனைக் கண்டால் என் சங்கிலிக்கே கூசுகிறது என்றுதான் முதலில் சுப்பராயலு நினைத்தான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான். கசந்துபோய் மிதிப்பதை நிறுத்திவிட்டான். வண்டி தானாகவே உருண்டது. அவன் சங்கிலி அசையாமல் நின்றது.

டிக் என்றது காற்று. இரண்டு மூன்று மிதி கழித்து மறுபடியும் டிக். மிதித்துக்கொண்டிருந்தவன் தேவநாதன்.

கடைவீதியில் நான் கண்ட பிழையும் இதுதான். சத்தம் அவரைத் தாண்டிப் போன வேறொரு வண்டியிலிருந்து வந்தது; அவரோ தம் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுப்பராயலுவைப் பொறுத்தவரை காரணம் எனக்குத் தெரியும். தேவநாதனிடம் குறை இருக்கக்கூடும் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை. அவன் பொறாமை அவனை அவ்வளவு தூரம் பக்தனாக்கி வைத்திருந்தது.

கூட்டேரிப்பட்டு டீக்கடையில் தேவநாதன் உள்ளே போனதும், சுப்பராயலு அவன் வண்டியின் பெடலைப் பின்னோக்கி மெல்லச் சுற்றினான். இடறிய கண்ணி கைக்குக் கிடைத்தது. பக்கத் தகட்டில் மயிரிழைபோல ஒரு விரிசல். பந்தய வழியில் வரும் விக்கிரவாண்டிப் பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் அறுந்துவிடும். மிதித்தவன் கைப்பிடிக்கு மேலாகப் போய் விழுவான்.

அவனுக்கு வயிறு குளிர்ந்தது. இந்த வாக்கியத்தை அடித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். நல்லவன்தான் அவன். ஆனாலும் குளிர்ந்தது.

"இன்னா, என் வண்டியையே கண்ணு வெச்சிக்கினு இருக்க?" தேவநாதன் இரண்டு தம்ளரோடு வந்து நின்றான்.

"ஒண்ணுமில்ல. தேவநாதா, உன் செயின்ல…"

"இந்த வாட்டியும் குடம் தேவநாதனுக்குத்தான்" என்றார் கடைக்காரர் மண்ணாங்கட்டி, உள்ளிருந்தபடியே. "சுப்பராயலுக்குத் தூக்கு எடுத்து வெச்சாச்சாம். மூடியோட."

"செயின்ல இன்னா?" என்றான் தேவநாதன் சிரித்துக்கொண்டே.

"பளபளன்னு இருக்குது" என்று சொல்லிவிட்டு, டீயைச் சூட்டோடு விழுங்கினான் சுப்பராயலு.

4

முடிவுகளுக்கு வந்துவிட்டோம்.

ஒன்று: அன்று மாலையே போய்ச் சொல்லிவிடுகிறான். தேவநாதன் கண்ணியை மாற்றிக்கொண்டு மறுபடியும் முதலில் வருகிறான். சுப்பராயலு தூக்கோடும் நிறைந்த மனத்தோடும் வீடு திரும்புகிறான். இதை எழுதியபோது என் விரலில் சுண்ணக்கட்டி ஒட்டியிருப்பதுபோல் இருந்தது. நிறைந்த மனத்தைச் சின்னபொண்ணு எங்கே வைத்துத் தண்ணீர் மொள்வாள்?

இரண்டு: சொல்லவில்லை. பாலத்து ஏற்றத்தில் முதுகுக்குப் பின்னால் ஏதோ அறுபடும் ஓசை கேட்கிறது. சுப்பராயலு திரும்பிப் பார்க்காமல்—

இந்த வாக்கியத்தை முடிக்க என் கை வரவில்லை.

5

ஆகவே எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

காணும் பொங்கல் காலை. வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. பாதையோரம் பழுது பார்ப்பவர் ஒருவர் சுத்தியலோடு சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார். சுப்பராயலு இன்னும் சொல்லவில்லை. நேற்று சொல்லியிருக்கலாம், முந்தாநாளும் சொல்லியிருக்கலாம். தேவநாதன் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து, ஒரு காகிதப் பொட்டலத்தை அவன் கையில் வைத்து அழுத்தினான். உள்ளே புத்தம் புதிய சங்கிலிக் கண்ணி ஒன்று.

"மதராஸ் போன ஆளுகிட்ட சொல்லி வாங்கியாந்தேன், மச்சான். உன் செயின்ல ஒரு கண்ணி போயிருக்குது. நானும் மார்கழிலேர்ந்து கேட்டுக்கினுதான் வர்றேன். அந்தாளுகிட்ட குடுத்து ஜல்தியா மாட்டிக்க. இந்தப் பேஜாரு வண்டியோட நீ ரெண்டாவது வந்தா எனக்கு ஜெயிச்ச மாதிரியே இருக்காது."

அவனும் கேட்டிருக்கிறான். ஆனால் தன் வண்டியை அவன் சந்தேகிக்கவேயில்லை. சுப்பராயலு பொட்டலத்தைப் பிரித்துக் கண்ணியை எடுத்துக்கொண்டான். ஆனாலும் நெஞ்சில் 'ரெண்டாவது' என்ற சொல் முள்ளாக நின்றது.

தேவநாதன் தன் இடத்துக்குப் போய்ப் பெடலில் கால் வைத்துவிட்டான். சங்கத்துத் தலைவர் கோதண்டபாணி கொடியைத் தூக்கிவிட்டார். அதை நான் இன்னும் இறக்கவில்லை. அவர் வயதானவர், தோள் வலிக்கும். ஆகையால் வாசகரே, முடிவு சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணி சுப்பராயலுவின் உள்ளங்கையில் இருக்கிறது. நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுக்கிறான். கூப்பிடுவதற்கும் அதே மூச்சுதான்; மிதிப்பதற்கும் அதே மூச்சுதான்.