அழுமூஞ்சியும் உம்மணாமூஞ்சியும்

என் அண்ணன் அழுதால் ஊரே சிரிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தேம்பித் தேம்பி அழுவான், ஒரு விக்கலோடு சட்டென்று நின்றுவிடுவான், யாராவது ஏதாவது சொன்னால்தான் மறுபடி மூச்சு விடுவான். அதை மேடையேற்றியது என் வீட்டுக்காரர். அவன் விக்கி நிற்கும்போது இவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "சரி, மூக்கத் துடை" என்பார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அழுமூஞ்சி, உம்மணாமூஞ்சி என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. கம்பெனி விழாக்களில் ஆரம்பித்தவர்கள் பெரிய அரங்குகள் வரை போனார்கள். அந்தச் சினேகத்தில்தான் என்னையும் இவருக்குக் கட்டிக்கொடுத்தான்.

பிறகு டிவிக்காரர்கள் வந்தார்கள். அழுகிறவர் மட்டும் போதும், பக்கத்தில் நிற்க யாரையாவது போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மடையனும் தலையாட்டிவிட்டான். மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். இவர் முடிவெட்டப் போன கடையில் டிவியில் பார்த்துவிட்டுப் பாதிச் சவரத்தோடு வீட்டுக்கு வந்தார். அன்றோடு பேச்சு நின்றது. புது ஆளுக்கு அந்த விக்கலில் எப்போது வாயைத் திறப்பது என்று தெரியாமல் நிகழ்ச்சியும் படுத்துவிட்டது. இரண்டு பேரிடமும் கெஞ்சினேன், திட்டினேன். இரண்டும் பிடித்த பிடியை விடவில்லை.

இவருக்கு நுரையீரல் கெட்டு, டாக்டர் கையை விரித்ததும், நானே அண்ணனை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். இவர் கண்ணை மூடுவதற்குள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் எனக்கு.

"தப்புதான் மாப்ள" என்று ஆரம்பித்தவன் தேம்பினான். விக்கினான். அப்படியே இவரைப் பார்த்தபடி நின்றான். அடுத்த கட்டில்காரரின் மனைவி, டிவியில் பார்த்த முகமாயிற்றே, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "உங்க அண்ணன நடிப்பெல்லாம் வெளிய வெச்சுக்கச் சொல்லு."

அண்ணன் வெளியே போய்விட்டான். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"அவன் நடிக்கலங்க. நீங்க ஏதாவது சொல்லுவீங்கன்னு நின்னான். அவனுக்கு வேற மாதிரி அழத் தெரியாது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படிப் பேசினீங்க?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னா நானும் அழுதுடுவேன். நான் அழுது அவன் பாத்ததே இல்லடி. நாளைக்கு வரச் சொல்லு, சொல்லிடறேன்."

உடனே போன் போட்டேன். காலையில் கண்டிப்பாக வருகிறேன் என்றான். வந்தான், இவர் பாடையைத் தூக்க.