அந்தோணிராஜின் தோளில் தங்கிய பாரம்

ஒரகடத்தில் கியர்பாக்ஸ் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் வனமாமலைக்கு உடம்பில் எடை கிடையாது. எடை மெஷினில் ஏறி நின்றாலும் முள் அசையாது. தெருவில் நடக்கும்போது காற்று தூக்கிவிடாமலிருக்க பேண்ட் பையில் கழித்துப்போட்ட பல்சக்கரங்களை நிரப்பிக்கொள்வான்.

நாங்குநேரியிலிருந்து வந்த புதிதில் அவனும் எல்லாரையும் போல எடையுள்ள ஆள்தான். கம்பெனிக்கு மெஷின் பூட்ட வந்த ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல், மாங்கொட்டை மாதிரி ஒரு பந்தோடு வந்து, காலி மனையில் சவுக்குக் கம்பம் நட்டுத் தன் ஊர் ஃபுட்பாலைச் சொல்லிக்கொடுத்தார். உயரப் போகும் பந்தைப் பிடிக்க எதிராளியின் தோளில் மிதித்து ஏறலாம், பிடித்துவிட்டால் ஆட்டம் நிற்கும், நிதானமாக உதைக்கலாம் என்றார். நம் ஆட்களுக்கு அதுதான் வரவில்லை. கால் பட்டால் பட்டவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டாமா? பந்துக்கு நீள வேண்டிய கை தோளுக்குப் போய்விடும். வனமாமலை மட்டும் ஒருநாள் ஜெயிக்கிற வெறியில், கம்பெனி லைனில் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும், அன்று எதிரணியில் ஆடிய அந்தோணிராஜின் தோளில் ஏறிப் பந்தைப் பிடித்தான். ஆட்டம் நின்றது. தொட்டு ஒற்ற நேரம் இருந்தும் ஒற்றாமல் கோல் அடித்தான். அவன் எடை முழுக்க அந்தோணிராஜின் தோளிலேயே தங்கிவிட்டது.

அதன்பின் எகிறினால் அவனாக மனசு வைத்து இறங்கினால்தான் உண்டு. பெங்களூர் வரை போய் ஆடிப் பேர் வாங்கினான். அந்தோணிராஜோ இரண்டு ஆள் பாரத்தோடு லைனில் நிற்க முடியாமல் திணறினான். கம்பெனி டாக்டர் தோளில் ஒன்றுமில்லை என்றார், சூப்பர்வைசர் நடிப்பு என்றார், வேலை போயிற்று. படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டப் போனான். வண்டி எப்போதும் வலப்பக்கம் சாய்ந்தே ஓடியது. கேள்விப்பட்டும் வனமாமலை போய்ப் பார்க்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

ஒரு ஆட்டத்தில் காற்று அவனைத் தூக்கிப்போய் மின்கம்பியில் மாட்டப் பார்த்தது. அத்தோடு ஆட்டத்தை விட்டு, சுங்குவார்சத்திரம் ஹாஸ்டல் பெண்களுக்குக் கோச் ஆனான். இடுப்பில் நைலான் கயிறு கட்டிக் கம்பத்தில் பிணைத்துக்கொண்டுதான் பயிற்சி கொடுப்பான். யார் தோளில் ஏறினாலும் தொட்டு ஒற்றிவிட்டுத்தான் உதைக்க வேண்டும் என்பது அவன் கண்டிப்பு. அவர்கள் நிதானமாக ஒற்றிவிட்டு நிமிர்வதற்குள், தாமதம் என்று நடுவர் விசில் ஊதி ஆட்டத்தைத் தொடரவிட்டுவிடுவார். அந்தப் பெண்களில், பழைய கதையைக் கேள்விப்பட்டிருந்த இசக்கிசெல்வி தோற்று அலுத்து ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"எங்களத் தொடச் சொல்லுதியளே சார், நீங்க போய்த் தொட்டியளா?"

மறுநாளே படப்பை ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனான். தொட்டு ஒற்றி எடை திரும்பினால் இருவருக்குமே விடிவு என்று நம்பினான். தொடப்போன கையை அந்தோணிராஜ் பிடித்து நிறுத்தினான்.

"வேணாம்பா. இத்தினி வருசம் உன்ன தூக்கிகினே நடந்து பழகிட்டேன். இப்ப நீ எறங்கிக்கினா எனுக்கு நிக்க வராது."

மன்னித்தானா, தண்டித்தானா என்று வனமாமலைக்குப் புரியவில்லை. அழுகை வந்தது. அந்தோணிராஜ் வண்டியை எடுத்து, ஏறிக்கொள்ளச் சொன்னான். ஒரகடம் மேம்பாலத்தில் காற்று வீசி வனமாமலை சீட்டிலிருந்து எழும்பியபோது, பக்கத்தில் இருந்த பயணிப் பெண் போனில் பேச்சை நிறுத்தாமலே அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.