கருவிக் குடை

குஞ்சுகள் மூன்றா, இரண்டா என்பதில் இதைச் சொல்லும் எனக்கே இப்போது சந்தேகம். மூன்று என்றுதான் நினைக்கிறேன். அவளுடைய கோபத்தில் மட்டும் சந்தேகமே இல்லை.

அவள் மதியம் வேலை முடிந்து வந்தபோது, தோட்டத்துச் செடிவேலி சுவர் மாதிரி நேராக நின்றது. அவள் கணவர் நில அளவையர். ஓய்வு பெற்ற பிறகும் கோணலைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. கயிறு கட்டி, அளந்து வெட்டியிருந்தார். மேற்குப் பக்கத்து இலையெல்லாம் போய், கொண்டைக்குருவியின் கூடு வெயிலில் அம்மணமாக இருந்தது. தாய்க்குருவி வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, தன் உடம்பையே நிழலாக்கி நின்றது.

"காலையில படிச்சுப் படிச்சு சொன்னேன்ல, அந்த மூலையைத் தொடாதீங்கன்னு?"

"அதை மட்டும் விட்டா தெத்துப்பல்லு மாதிரி இருக்கும்."

"அதுங்க வெந்து செத்தா அழகா இருக்குமா?"

வாசற்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார், "விட்டா அண்ணன் கிளி மூக்கையே நிமித்திடும், அண்ணி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மனைவி உள்ளே போய்ப் பரணிலிருந்து அவருடைய பெரிய குடையை இழுத்து வந்தாள். அளக்கும் கருவி சூடானால் கணக்குத் தப்பும் என்று முப்பது வருஷம் கருவிக்குப் பிடித்த குடை. கைக்குழந்தையோடு பேருந்துக்கு நின்ற ஒரு நாள் அவள் கேட்டும் கிடைக்காத குடை.

கூட்டுக்குப் பக்கத்திலேயே அதை ஊன்றினாள். தாய்க்குருவி விருட்டென்று பறந்து கம்பியில் உட்கார்ந்தது. கத்தியதே தவிர, இறங்கி வரவில்லை. இப்போது அதை விரட்டுவது தான்தான் என்று புரிந்ததும் அவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

"இவ்வளவு கிட்ட வெச்சா எப்படி வரும்? எடு."

"நீங்க பேசாதீங்க."

அவர் எட்டிக் குடையைப் பிடுங்கினார். சூரியனைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார், மேற்கே மூன்று தப்படி வைத்தார். கருவியை ஏற்றி வைக்கும் முக்காலியை உள்ளேயிருந்து கொண்டுவந்து நிறுத்தி, அதன்மேல் குடையை உயரமாகக் கட்டினார். நிழல் சரியாகக் கூட்டின்மேல் போய் விழுந்தது. அவள் அகலத் தட்டில் கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி நிழலில் வைத்தாள். வெகு நேரம் கழித்துத் தாய் இறங்கியது.

"வெயில் நகரும். கால் மணிக்கு ஒருதரம் மாத்தி வெக்கணும்."

"வைங்க. வெட்டினது நீங்கதானே."

பொழுது சாயும்வரை மாற்றி மாற்றி வைத்தார். கழுத்து கன்றிப்போனது. அவள் பார்த்தாள். தொப்பி எடுத்துக் கொடுக்கவில்லை.

மறுநாளும், அதற்கடுத்த நாட்களிலும் அவரே குடையோடு நின்றார். ஒரு குஞ்சு முதல் நாள் மாலையே செத்துவிட்டது. அதை அவர்தான் புதைத்தார். மற்றவை பத்தாம் நாள் பறந்தன. குடை சாயம் போனது. வேலி கோணலாக வளர்ந்தது. நாத்தனார் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கணவனும் மனைவியும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். குஞ்சு செத்த அன்றோடு பேச்சை நிறுத்தியிருந்த அவள் அவரோடு மறுபடி பேச மழைக்காலம் வர வேண்டியிருந்தது.