இரண்டாவது சத்தம்

மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தில் டயர் மாட்டும் மூன்றாவது லீவரைச் செருகும்போது நெல்டாவின் கை வழுக்கி, விரல் முட்டிகள் சக்கரக் கம்பியில் போய் மோதின. வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டாள். முழங்கால் இரண்டையும் டயரின் மேல் ஊன்றி, கடைசி நான்கு விரற்கடை ரப்பரை ரிம்முக்குள் தள்ள அரை மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"முட்டி போச்சா?" வீட்டுக்குள்ளிருந்து கணவன் ராய்ஸின் குரல் வந்தது.

"போகல."

"சத்தம் கேட்டுச்சே."

"உடம்புல காது ஒண்ணுதான் உருப்படியா இருக்கு உனக்கு."

மார்ச் மாதத்திலிருந்து ராய்ஸின் கட்டில் முன்னறையில்தான் கிடந்தது. அங்கிருந்து வண்டிக்கொட்டகைக்குப் போகும் கதவை எண்ணெய் டின் ஒன்றை முட்டுக்கொடுத்து எந்நேரமும் திறந்தே வைக்கச் சொல்லியிருந்தான். எட்டிப்பார்க்க முடியாதவன், காதால் மேற்பார்வை செய்தான். ஈரலில் வந்த புற்று அவனுடைய சதையையெல்லாம் தின்றுவிட்டது. வாயை மட்டும் விட்டுவைத்திருந்தது.

சனிக்கிழமை பயணம். அறுபது வண்டிகள் ஆற்றங்கரையில் கிளம்பி, வெங்காய வயல்களைத் தாண்டி, தார் ரோடு முடிந்ததும் ஒவைஹீ பாலைக்குள் கல்லிலும் மண்ணிலும் ஏறும். ஒரு ராத்திரி கூடாரத்தில். எல்லாம் நம்பர் பிளேட் வைத்த, ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவான வண்டிகள்தான். பத்தொன்பது வருஷமாக அந்தக் கூட்டத்தில் கடைசி வண்டி ராய்ஸ். விழுந்தவன், வழி தவறியவன், பஞ்சரானவன், மனைவியோடு சண்டை போட்டுப் பின்தங்கியவன், எல்லாரையும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு வருவது கடைசி வண்டியின் வேலை. அது வந்து சேராமல் கூடாரத்தில் யாரும் தட்டில் கை வைக்க மாட்டார்கள்.

இந்த வருஷம் அந்த இடத்துக்கு நெல்டா என்று அவனே கூட்டத்துக்குச் சொல்லிவிட்டான், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

"உன்ன யார் பாத்துக்கிறது?" என்று கேட்டாள்.

"எங்க அக்கா ஆர்டிஸ் வருவா. நான் எங்க ஓடிடப் போறேன்?"

"கூட்டத்துல வேற ஆளே இல்லையா?"

"பதினோரு வருஷம் உனக்குப் பின்னாடி வந்து உன் புழுதியத் தின்னவன் நான். நீ ஓட்டுவேன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு, ட்யூப் மாத்தத் தெரியாத ஆளு கடைசி வண்டியா போகக் கூடாது. வழியில எவன் எவன் டயர் போகும்னு யாருக்குத் தெரியும்? என் காது கேக்க ரெண்டு சக்கரத்தையும் மாத்திக் காட்டு."

முன் சக்கரம் நேற்றே முடிந்தது. ட்யூபில் காற்றேற ஏற, டயரின் விளிம்பு ரிம்மில் போய் உட்காரும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று. ராய்ஸ் படுத்தபடியே "ஒண்ணு!" என்று கத்தினான். சற்றுப் பொறுத்து "ரெண்டு!" என்றான். பிறகு பத்து நிமிஷம் இருமினான்.

பின் சக்கரம் அப்படி மசியவில்லை. உள்ளே போகும் லீவர் ட்யூபைக் கடித்துவிடுகிறது. காலையிலிருந்து இரண்டு ட்யூப் போயாயிற்று. இது மூன்றாவது.

"பவுடர் போட்டியா?"

"டப்பா உன் தலைமாட்டுல இருக்கு."

"பவுடர் இல்லாம போடாத. ட்யூப் முறுக்கிக்கும்."

வீட்டில் இருந்தது ஒரே ஒரு டப்பா, குழந்தைகளுக்குப் போடும் பவுடர். அவன் முதுகில் புண் வராமலிருக்கப் பூசுவதும் அதுதான், ட்யூப் வழுக்கி உட்காரத் தூவுவதும் அதுதான். எழுந்து போனால் பத்தடி. அந்தப் பத்தடியை நெல்டா நினைத்துப் பார்த்தாள். போனால் தலையணையைச் சரிசெய்ய வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், திரும்பப் படுக்க வைக்க வேண்டும். பதினாலு மாதமாக ஒரு ராத்திரிகூட மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கியதில்லை. அவளால் முடியவில்லை.

"பரவாயில்ல. இப்படியே போடுறேன்."

"உன் இஷ்டம், மகாராணி."

கடைசிக் கடைசியாக ரப்பர் உள்ளே போனது. பம்பை மாட்டி அழுத்தினாள். இருபது அழுத்து. முப்பது. பிறகு அந்தச் சத்தம், பாம்பு சீறுகிற மாதிரி. லீவர் மறுபடியும் ட்யூபைக் கடித்துவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டு உள்ளேயிருந்து வரப்போகிற கிண்டலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ஆக்சிஜன் மெஷின் மட்டும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக மனுஷனுக்கு வாயை மூடத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. மறுபடி டயரைக் கழற்றி, ட்யூபை வெளியே இழுத்து, ஓட்டையைத் தேடித் தேய்த்துப் பசை தடவினாள். பசை காய வேண்டும். தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். வெளியே ஜூன் வெயில் பீட்ரூட் வயலின் மேல் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏதாவது சொல்லித் தொலையேன்," என்றாள்.

பதில் இல்லை. அதனால்தான் அவளுக்குச் சொல்ல வந்தது.

"எனக்கு இந்தப் பயணம் எல்லாம் வேண்டாம், ராய்ஸ். நான் சரின்னு சொன்னது அதுக்கில்ல. கூடாரத்துல ஒரு ராத்திரி தூங்கணும். என்ன யாரும் கூப்பிடாத ஒரு ராத்திரி. நீ கூப்பிடாத ராத்திரி. அவ்வளவுதான் எனக்கு வேணும். தப்பா எடுத்துக்காத."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கோபமில்லை என்று எடுத்துக்கொண்டாள். மனசு கொஞ்சம் லேசானது. ஒட்டுப் போட்டு முடித்து, இந்தத் தடவை பவுடர் தூவியே தீருவது என்று எழுந்தாள்.

"பவுடர் எடுக்க வரேன். அப்படியே திரும்பிப் படு, முதுகுக்கும் போட்டுடறேன்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், பழக்கத்தில் தோளைப் பிடித்துத் திருப்பினாள். தோள் வந்தது. தலை வரவில்லை.

கை ஏற்கெனவே குளிர்ந்திருந்தது. மூக்கில் குழாய், மெஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதை அணைத்தாள். அடுப்படியில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் அப்போதுதான் அவளுக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் மாரிபெல் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். சோதித்துப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

"கடைசியா எப்போம்மா பேசினாரு?"

"ட்யூப் மாட்டும்போது."

"அது எத்தன மணி?"

"தெரியல. காத்து போறதுக்கு முன்னாடியா, அப்புறமான்னு தெரியல." நெல்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அப்புறமா கொஞ்சம் பேசினேன். அது அவருக்குக் கேட்டிருக்குமா?"

மாரிபெல்லுக்கு ஒன்றும் புரியவில்லை. "கேட்டிருக்கும்மா. காது கடைசி வரைக்கும் இருக்கும்," என்றாள் ஆறுதலாக.

அது ஆறுதலாக இல்லை.

ராய்ஸின் அக்கா ஆர்டிஸ் நாளைக்கு வர வேண்டியவள், இன்றே வந்தாள். தம்பியின் நெற்றியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு காலணியைக் கழற்றிவிட்டு, கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடக்கம் செய்கிறவர்களின் வண்டி வர ஆறரை ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.

"போய்ப் படு, நெல்டா. நான் இருக்கேன்ல."

"தூக்கம் வராது."

"திங்கக்கிழமையே எனக்குப் போன் பண்ணிட்டான், தெரியுமா? 'ரெண்டு நாள் வந்து இரு அக்கா, அவ எங்கயாவது போய்த் தூங்கட்டும். சும்மா போன்னு சொன்னா போகமாட்டா. ஒரு வேலையத் தலையில கட்டினாதான் கிளம்புவா'ன்னான்."

நெல்டா நின்றுகொண்டே இருந்தாள்.

"அந்தப் பவுடர் டப்பாவ எடு," என்றாள் கடைசியில்.

கொட்டகையில் டயருக்குள் கை விட்டுச் சுற்றிலும் தூவினாள். அந்த வாசனையில் அவன் முதுகு முழுக்க இருந்தது. ட்யூப் முறுக்காமல் உள்ளே போய்ப் படுத்தது. லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட்டாள், அவன் கத்திக் கத்திச் சொன்ன மாதிரி. பிறகு பம்பை அழுத்தினாள். இருபது. முப்பது. சீறல் இல்லை.

டப்.

பம்பின் கைப்பிடியைப் பிடித்தபடி திறந்த கதவைப் பார்த்தாள். எண்ணெய் டின் இன்னும் முட்டுக்கொடுத்து நின்றது. மறுபடி அழுத்தத் தொடங்கினாள். கை இரண்டும் கழன்றுவிடும் போல வலித்தன.

டப்.

"என்ன அங்க வெடிக்குது?" உள்ளேயிருந்து ஆர்டிஸ் கேட்டாள்.

"ரெண்டு," என்றாள் நெல்டா. வால்வின் மூடியைத் தேடி எடுத்து, சட்டை விளிம்பில் துடைத்து, திருகி மூடினாள்.