ஜெகதாம்பாளைப் பார்த்த பீரங்கி

வைகாசி மாதம் மாமல்லபுரத்துக்கு எதிரே வந்து நின்ற அந்நிய நாட்டுப் போர்க்கப்பலின் பெரிய பீரங்கி, இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஜெகதாம்பாள் போகும் இடமெல்லாம் அவரையே பார்த்துத் திரும்பியது. அவர் ஸ்கூட்டியில் பூஞ்சேரிக்குப் போனால் பூஞ்சேரிப் பக்கம் திரும்பும். பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம் போய் மலைக்கோயில் படி ஏறினால், குழாய் மெல்ல நிமிர்ந்து அவரோடு மலை ஏறும். கப்பல் அடிவானத்தை ஒட்டித்தான் நின்றது. பீரங்கி மட்டும் தெருமுனை டிரான்ஸ்பார்மர் தூரத்தில் இருப்பதுபோல் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வாரம் வெயில் கடுமை, வெள்ளரிப்பிஞ்சு விலையும் ஏறியிருந்தது.

கப்பல் வந்த காரணம் ஊருக்குத் தெரியும். நம் நாடு யாரோடு வியாபாரம் செய்யலாம், யாரோடு கூடாது என்பதை நானே முடிவு செய்வேன் என்று ஒரு பெரிய நாடு சொன்னது. டெல்லி ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்க வந்தவன் கையில் பேனாவோடு வராமல் பீரங்கியோடு வந்தான், அவ்வளவுதான். நம் கப்பல்களும் எதிரே போய் நின்றன, பேச்சு நடந்துகொண்டே இருந்தது. இதற்கிடையில் கடலிலிருந்து ஒலிபெருக்கி, செய்தி வாசிப்பவரின் சுத்தத் தமிழில் ஓர் அறிவிப்பைத் திரும்பத் திரும்பச் சொன்னது: இல்லந்தோறும் வெண்துணி கட்டுங்கள், கட்டிய இல்லத்தைப் பீரங்கி நோக்காது. கட்டினால் மேலிருந்து படம் எடுத்து, கரையே பணிந்துவிட்டது என்று டெல்லியிடம் காட்டுவார்கள். இது தெரிந்தும் ஒவ்வொரு வீடாகக் கட்டினார்கள். பயம் என்று யாரும் சொல்லவில்லை, குழந்தைகள் இருக்கிற வீடு என்றார்கள். வேட்டி, பெட்ஷீட், ஸ்கூல் யூனிபார்ம் எல்லாம் மொட்டைமாடிக்குப் போயின. கடைசியில் கட்டாத வீடு ஜெகதாம்பாளுடையது ஒன்றுதான்.

அவர் வீரம் பேசவில்லை. மகள் சுஷ்மிதாவின் கல்யாணத்துக்கு அப்போதுதான் வாசலில் பந்தக்கால் நட்டு, மஞ்சள் பூசி, மாவிலை கட்டியிருந்தார். கணவர் போனபின் தனியாக நின்று முடித்த சம்பந்தம் அது. பந்தக்கால் நட்ட வீட்டில் வெள்ளைத் துணியா என்று ஒரு வார்த்தை கேட்டார், பீரங்கி திரும்பிவிட்டது. அதன்பின் அவர் ஏறிய ஷேர் ஆட்டோவிலிருந்து மற்றவர்கள் இறங்கினார்கள். பாலிசி போட்டவர்கள் கதவைத் திறக்கவில்லை. திருப்போரூரில் பேசி வைத்திருந்த மண்டபத்துக்காரர் திடீரென்று வெள்ளையடிக்க ஆரம்பித்தார். கல்யாணத்தை வீட்டு வாசலிலேயே வைத்துக்கொள்ளும்படி ஆனது. யாருக்கும் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. "ஒரு நாள்தானேம்மா, கட்டிட்டு அவுத்துடலாம்" என்று சுஷ்மிதாவே அழுதாள். ஜெகதாம்பாளும் அழுதார். துணி மட்டும் கட்டவில்லை.

முகூர்த்தத்தன்று செங்கல்பட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு வேன் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா திருநாவுக்கரசு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மட்டும் இறங்கி நடந்து வந்தார். பையிலிருந்து ஒரு புது வெள்ளைத் துண்டை எடுத்தார்.

"சம்பந்தியம்மா, தாலி ஏறுற வரைக்கும் கட்டுங்க. இல்லன்னா வேன் இப்படியே திரும்பிடும்."

"இன்னாண்ணா பேசுறீங்க? கல்யாண வூட்ல எழவா வுழுந்துகீது? அவன் போட்டோ புடிச்சி, பாரு, இவளும் அடங்கிட்டான்னு காட்டுவான்."

"யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேன்."

திருநாவுக்கரசு துண்டைத் தானே பந்தக்காலில் கட்டப் போனார். சுஷ்மிதா கூரைப்புடவையோடு வெளியே வந்து, முடிச்சு விழுமுன் அதைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்தாள். "பயந்துகினு ஏறுற தாலி எனக்கு வேணாம் மாமா" என்றாள். கப்பலின் இரண்டாவது பீரங்கி அவள் பக்கம் திரும்பியது.

பக்கத்து வீட்டுத் தாமோதரன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணு மேல ஒண்ணு, அம்மா மேல ஒண்ணு. நான் வேட்டிய பறக்கவுட்டு நிக்கிறேன், தூ" என்று தன்னையே திட்டிக்கொண்டு மாடியேறி வேட்டியை உருவினார். மூன்றாவது திரும்பியது. எதிர்வீட்டு பெட்ஷீட் இறங்கியது. அடுத்த தெருவிலும், கடற்கரைக் குப்பத்திலும் துணிகள் இறங்கின. ஒவ்வொரு துணிக்கும் ஒரு பீரங்கி திரும்பிக்கொண்டே வந்தது. மாப்பிள்ளை பரணிதரன், அணுமின் ஆராய்ச்சி ஆபீசில் பொறுப்பான உத்தியோகத்தில் இருப்பவர், வேனிலிருந்து குதித்து மாலையோடு ஓடி வந்தார். மிச்சம் இருந்த சின்ன பீரங்கி அவரைப் பார்த்தது. அதோடு கப்பலில் பீரங்கி தீர்ந்துவிட்டது. துணிகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன.

யாரைப் பார்ப்பது என்று தெரியாமல், பெரிய பீரங்கி தவிர மற்றக் குழாய்கள் அங்குமிங்கும் ஆடின. பிறகு இரண்டு வருடம் கப்பல் அங்கேயே நின்றது, குழாய்களும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தன. டெல்லி கையெழுத்துப் போடவில்லை. ஊரும் குழாய்களுக்குக் கீழேயே மீன் பிடித்தது, பிள்ளை பெற்றது, வரி கட்டியது. ஒரு ஐப்பசி மழையில் கப்பல் போனதைக்கூடப் பலர் கவனிக்கவில்லை.

ஆனால் முகூர்த்தத்தன்று திருநாவுக்கரசுதான் பாவம். துண்டை மடித்துப் பையில் திணித்துவிட்டு, கடலைப் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றார். ஒன்றும் திரும்பவில்லை. இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்.

"ஏம்பா, என்னை எதுவும் பாக்கலியா?"

"இல்ல சார். ஸ்டாக் இல்ல போல கீது" என்றார் தாமோதரன்.

கெட்டிமேளம் கொட்டித் தாலி ஏறியபோதும் திருநாவுக்கரசின் முகம் தெளியவில்லை. அட்சதையைப் போட்டுவிட்டு ஒரு ஓரமாக நின்றார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிக் குறுகி நின்றதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பந்தி ஆரம்பித்ததும் ஜெகதாம்பாளின் பெஞ்சுக்கு அருகில் வந்தார். பெரிய பீரங்கி வழக்கம்போல் அந்த அம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"சம்பந்தியம்மா, நான் இப்படி உங்க பக்கத்துல உக்காரட்டுமா? உங்களைப் பாக்கறப்போ என்னையும் கொஞ்சம் பாக்கும்."

ஜெகதாம்பாள் இலையை இழுத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார். அவர் உட்கார்ந்ததும் இருவருக்கும் பாயசம் வந்தது.