ஒரே கால், ஐந்து பெயர்

குதிகால் பதியாதவர், ஒரு கால் குட்டையானவர் என்று யார் வந்தாலும் அவரவர் காலுக்கு அளவெடுத்துக் காலணி செய்கிற பட்டறை அது. நடத்துபவர்கள் அண்ணியும் நாத்தனாரும். வெட்டுவதும் தைப்பதும் நாத்தனார். கணினிப் பக்கம் முழுக்க அண்ணி.

கணினியில் ஐந்து மென்பொருள், ஐந்து சந்தா. ஆர்டருக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று, வருகை நேரத்துக்கு, தோல் இருப்புக்கு, செய்தி அனுப்ப. ஒன்றோடு ஒன்று முகம் கொடுத்துப் பேசாது. திங்கட்கிழமை இரண்டாவது கடை திறக்கிறார்கள். அங்கே உட்காரப்போகிறவர்கள் புதியவர்கள். ஒருவருடைய அளவை இன்னொருவருக்கு எடுத்து, மெத்தை வைத்து உயர்த்த வேண்டிய காலை விட்டு மற்றதை உயர்த்திவிட்டால் மனிதர் விழுந்துவிடுவார். நாத்தனாரின் பயம் அதுதான். அதனால்தான் ஐந்து வேலையையும் ஒன்றே செய்யும் மென்பொருளை விற்கிறவரை வரவழைத்தாள்.

"அஞ்சும் நல்லாத்தானே ஓடுது?" என்றாள் அண்ணி.

"உங்களுக்கு ஓடுது. புதுக் கடையில உங்க தலையைக் கழட்டி வைக்க முடியுமா அண்ணி?"

விற்பனையாளர் சோதனைக்காக எல்லாப் பதிவுகளையும் உள்ளே இழுத்தார். மூவாயிரத்து நூற்று இரண்டு வாடிக்கையாளர்கள் என்றது திரை.

"நம்ம ஆளுங்க எழுநூறைத் தாண்ட மாட்டாங்களே!" என்றாள் நாத்தனார்.

அண்ணி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ஆர்டரில் முழுப்பெயரோடு இருந்தவரே அளவில் 'இடது குதி', வருகையில் 'டீச்சர்', இருப்பில் 'கறுப்பு மெத்தை', செய்தியில் 'மூணாவது மாடி'. அந்தந்த இடத்தில் வாய்க்கு வந்த பெயரைப் போட்டவளே அண்ணிதான்.

"போன் நம்பர் ஒத்துப்போனா இதுவே சேர்த்துடும் மேடம். பாருங்க, இந்த ரெண்டும் ஒரே ஆள்."

"ஐயோ, கையை எடுங்க தம்பி! அது அக்கா தங்கச்சி, போன் அம்மாவோடது. பெரியவளுக்கு இடது குட்டை, சின்னவளுக்கு வலது!" என்றாள் அண்ணி.

விற்பனையாளர் சுட்டெலியிலிருந்து கையை எடுத்தேவிட்டார். அண்ணி அந்த இடத்தில் உட்கார்ந்தாள். இது அவர், இது அவரேதான், இது அவருடைய அத்தை என்று ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டே போனாள். எந்தச் சீட்டையும் பார்க்கவில்லை. டீச்சரின் ஐந்து பெயரும் ஒன்றானதும் அவருடைய ஆறு வருடமும் வரிசையாக விரிந்தது. விபத்துக்குப் பிறகு வந்த முதல் ஜோடியில் குதிமெத்தை இரண்டு விரல் தடிமன், அடுத்ததில் ஒன்றரை, பிறகு ஒன்று, போன மாதம் காகிதம் போல. ஒவ்வொன்றும் நாத்தனார் கையால் தைத்ததுதான். ஆனால் ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையைத் தொட்டதை அவள் இன்றுதான் பார்த்தாள். எழுநூறு பேருடைய நடையும் இத்தனை நாளும் இந்த ஒரு தலைக்குள்ளா இருந்தது? அண்ணி ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தால்?

"இந்த ஒண்ணையே வாங்கிக்கறோம்," என்றாள் நாத்தனார் மெல்ல. "ஆனா எதையும் தானா சேர்க்க வேண்டாம். அண்ணி சேர்த்து முடிக்கிற வரைக்கும் பழைய அஞ்சும் ஓடட்டும். கடை திறக்கிறது பத்து நாள் தள்ளிப் போகட்டும்."

"பத்து நாளா? என்னை ஆமைன்னு நினைச்சியா?" அண்ணி திரும்பவே இல்லை. "ஆறு நாள் போதும். வெளிச்சத்தை மறைக்கிறே, தள்ளி நில்லு."

நாத்தனார் தள்ளி நின்றாள். போகத்தான் மனம் வரவில்லை.