ஒன்பது பேரின் மூச்சு

ஓரின் இறந்த நான்காம் நாள் அவருடைய கடல்நீர்த் தொட்டி கத்த ஆரம்பித்தது.

தேவாலயத்தில் இறுதி ஆராதனை முடிந்து, சொந்தபந்தம் எல்லாம் அவர் மனைவி மார்லிஸின் வீட்டில் தட்டும் கையுமாக நின்றிருந்தது. டுலூத்தின் ஜனவரி மண் கல்லாக உறைந்து கிடந்ததால் அடக்கத்தை மே மாதத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோதும் சொன்ன தேதியில் எதையும் முடிக்காத மனிதர். மார்லிஸுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

சாப்பாட்டு அறையில் பீப், பீப் என்று சத்தம் கேட்டதும் ஓரினின் தங்கை லவான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, அண்ணன்தான் ஏதோ சொல்ல வர்றாரு."

"உங்கண்ணன் பேசியிருந்தா அதுல ரெண்டு கெட்ட வார்த்தை இருந்திருக்கும். இது மெஷின்," என்றாள் மார்லிஸ்.

தொட்டியின் மேலிருந்த சின்னத் திரையில் 7.81 என்று சிவப்பில் மின்னியது. பி.எச். எண். தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்ந்தால் இறங்கும், காரப் பக்கம் சாய்ந்தால் ஏறும். ஓரின் தினமும் காபிக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார். 8.1 இருந்தால் சீட்டி அடிப்பார். இல்லையென்றால் அன்றைக்குப் பக்கத்து வீட்டு நாய்கூட அவரிடம் வராது.

அவ்வளவும் தொட்டியின் நடுவில் மான்கொம்புக் கொத்தாக நின்ற ஊதாப் பவளத்துக்காக. சுண்டுவிரல் அளவில் வாங்கி வந்தது பதினோரு வருடத்தில் கார்ச் சக்கரம் அளவுக்கு விரிந்திருந்தது. மார்லிஸை அவர் அதன் கண்ணாடியைத் துடைக்கக்கூட விட்டதில்லை.

"பேசாம யாருக்காவது தூக்கிக் கொடுத்துட்டு, இந்த இடத்துல ஒரு நல்ல டிவி வைங்க," என்றாள் லவான். "ஒரே வாரத்துல செத்துடும். உங்க கையில கள்ளிச்செடியே நிக்கலையே."

கள்ளிச்செடி விஷயம் உண்மைதான். அதனால்தான் சுருக்கென்றது. ஓரின் விட்டுப்போனதில் இன்னமும் வளர்ந்துகொண்டிருந்தது அந்தப் பவளம் ஒன்றுதான். அது தன் கையில் சாகக் கூடாது என்று மார்லிஸ் அந்த நிமிடமே முடிவு செய்தாள்.

ஓரின் சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றுவதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். ஒரு கரண்டி கரைத்து ஊற்றினாள். எண் அசையவில்லை. மாலையில் இன்னொரு கரண்டி. அதற்குள் பனிப்புயல் வந்து நெடுஞ்சாலையை மூடிவிட, கிராண்ட் ஃபோர்க்ஸுக்குத் திரும்ப வேண்டிய லவான், அவள் கணவன் வெர்லின், பிள்ளைகள், மருமகன்கள், அவர்களுடைய பிள்ளைகள் என ஒன்பது பேர் அப்படியே தங்கிவிட்டார்கள். சோபாவில் இரண்டு பேர், கீழ்த்தளத்தில் ஆறு, ஓரினின் சாய்வு நாற்காலியில் வெர்லின். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. ஜன்னல் இடுக்குகளில் லவான் துண்டைச் சுருட்டித் திணித்தாள்.

எண் 7.74 ஆனது. மார்லிஸ் கரண்டியை நிறைத்தாள்.

மூன்றாம் நாள் புயல் ஓய்ந்ததும், ஓரினின் பவளச் சங்கத்து நண்பர் வெண்டல், மீசையில் பனிக்கட்டியோடு வந்து சேர்ந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். துக்கம் விசாரிக்க வாயைத் திறந்தவர், தொட்டியைப் பார்த்ததும் அதை மறந்துவிட்டார். ஊதாக் கிளைகளின் நுனிகள் எலும்பாக வெளுத்திருந்தன.

"மார்லிஸ், இதுல என்ன போட்டீங்க?"

"சோடா."

"எவ்வளவு?"

"எண் ஏறுற வரைக்கும்."

"ஏறிச்சா?"

"ஏறல."

"அப்புறம்?"

"அதான் இன்னும் போட்டேன்."

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். செத்தவரின் படத்துக்கு முன்னால்கூட அவர் இவ்வளவு மரியாதையாகக் கழற்றவில்லை. அலமாரியிலிருந்து ஓரினின் சோதனைக் குப்பியை எடுத்தார். கண்ணாடிக் குழாயில் தொட்டி நீரைப் பிடித்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். எட்டாவது சொட்டில் நீலத்திலிருந்து மஞ்சளாக வேண்டிய தண்ணீர், பன்னிரண்டாவது சொட்டில்தான் மனம் மாறியது.

"இதுதான் காரத்தன்மை. பவளம் எலும்பு கட்டுற சரக்கு. எட்டு, ஒன்பது இருந்தா போதும். மூணே நாள்ல பன்னிரண்டுக்குத் தூக்கிட்டீங்க, நுனியெல்லாம் வெந்துபோச்சு."

"அப்ப மெஷின்ல மட்டும் ஏன் இறங்கிக்கிட்டே போகுது?"

வெண்டல் சோபாவைப் பார்த்தார். சாய்வு நாற்காலியைப் பார்த்தார். கீழ்த்தளத்திலிருந்து வந்த சீட்டாட்டச் சத்தத்துக்குக் காது கொடுத்தார். பிறகு ஜன்னலில் திணித்திருந்த துண்டைப் பார்த்தார்.

"இந்த வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்க?"

"என்னோட பத்து."

"இத்தனை பேர் விட்ட மூச்சும் வெளிய போக வழியில்லாம தண்ணியில கரையுது. கரைஞ்சா புளிப்பு. நீங்க ஒரு பக்கம் சோடா கொட்டுறீங்க, இவங்க ஒரு பக்கம் ஊதிக்கிட்டே இருக்காங்க."

வெர்லின் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நாங்க பாட்டுக்குச் சும்மா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கோம்."

"அதைத்தான் சொல்றேன்."

வெண்டல் மார்லிஸிடம் திரும்பினார். "ஓரின் சொல்லலையா? குளிர்காலத்துல சாப்பாடு முடிஞ்சதும் சமையலறை ஜன்னலை ரெண்டு விரல் திறந்து வைப்பாரே."

மார்லிஸுக்கு முகம் சிவந்தது. பதினோரு குளிர்காலம் அவர் திறந்தார், பின்னாலேயே போய் அவள் சாத்தினாள்.

"நான் அது வேற காரணத்துக்குன்னு நினைச்சேன்," என்றாள்.

"நானும்தான்," என்றாள் லவான். "எங்க குடும்பத்து வயிறு அப்படி."

அந்த ஊரில் விருந்தாளியைப் போகச் சொல்லும் வழக்கம் இல்லை. சாலை திறந்துவிட்டதாமே என்று வானொலிமேல் பழியைப் போட்டு மூன்று முறை சொல்லலாம். மார்லிஸ் காலையிலிருந்து நான்கு முறை சொல்லியாகிவிட்டது.

"லவான், நீங்க எல்லாரும் இன்னைக்கே கிளம்பணும்."

"உங்களை இப்படித் தனியா விட்டுட்டா?"

"ஆமா."

"ஒரு பவளத்துக்காகவா எங்களைத் துரத்துறீங்க?"

"ஆமா."

வெர்லின் எழுந்து, "துக்கத்துல பேசுறாங்க," என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டி, "சரி, அப்போ," என்றார். அந்தத் தட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெட்டி கட்டினார்கள். காபி குடித்தார்கள். கோட்டு மாட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள். கடைசியில் வாசல் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே பாதி வெளியே பாதியாக நின்று, உண்மையான பேச்சைத் தொடங்கினார்கள்.

குளிர் தரையோடு தவழ்ந்து சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தது.

"7.79!" என்று உள்ளிருந்து வெண்டலின் குரல் கேட்டது.

"ஹாட்டிஷ் சமைச்சுக் கொண்டுவந்த பாத்திரத்தை நீங்களே வச்சிக்குங்க அண்ணி, ஈஸ்டருக்கு வரும்போது எடுத்துக்கறேன்."

"டயருக்குப் பனிச்சங்கிலி எடுத்து வச்சாச்சா?"

"7.84! நிறுத்தாதீங்க, பேசுங்க!"

லவான் மார்லிஸைக் கட்டிக்கொண்டு அழுதாள். மார்லிஸுக்கும் அழுகை வந்தது. ஓரின் இறந்த பிறகு அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

"அண்ணன் இருந்திருந்தா..." என்று விம்மினாள் லவான்.

"7.90!"

"அந்த ஆளை யாராவது வாயை மூடச் சொல்லுங்க," என்றாள் லவான், மூக்கைச் சிந்திக்கொண்டே.

வண்டிகள் தெருமுனை தாண்டும்போது வீடு பனிப்பெட்டியாகியிருந்தது.

சோடாவை நிறுத்தி வைக்கச் சொன்னார் வெண்டல். திரையைப் பார்க்காதீங்க, சொட்டை எண்ணுங்க என்றார். மறுநாள் பதினொன்று. அதற்கடுத்த நாள் பத்து. வெந்த நுனிகள் வெள்ளையாகவே நின்றன. அதற்குக் கீழே மீதிக் கிளை பிழைக்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மார்லிஸ் வேளாவேளைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். வானொலியைப் போட்டாள், அணைத்தாள். வீட்டில் பம்பின் முனகல் மட்டும் கேட்டது.

அதற்கும் அடுத்த நாள் மதியம் வெண்டல் தொலைபேசியில் கேட்டார்.

"திரையில எவ்வளவு காட்டுது?"

"பார்க்காதீங்கன்னு சொன்னீங்க."

"சும்மா பாருங்க."

"8.29."

"ஜன்னலைத் திறந்தா வச்சிருக்கீங்க?"

"இல்ல. எல்லாம் சாத்தித்தான் இருக்கு."

"அடேங்கப்பா! ஓரினுக்கு எந்த ஜனவரியிலயும் இது வந்ததில்ல. என்னதான் செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யல. வீட்டுல ஒரு ஆள் கம்மி."

வெண்டல் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். மறுமுனையில் மண்வெட்டி பனியைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"இப்ப என்ன பண்றீங்க?" என்று அவளே கேட்டாள்.

"வாசல்ல பனி தள்ளிக்கிட்டு இருக்கேன்."

"அது நாளைக்கும் கிடக்கும். இங்க வாங்க. பேசணும்னுகூட இல்ல, வந்து மூச்சு விட்டா போதும்."

மனைவி கொடுத்தனுப்பிய எலுமிச்சைக் கேக்கோடு அவர் வந்தார். பேச வேண்டியதில்லை என்று சொல்லியும் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனார். மார்லிஸ் திரையைப் பார்க்கவில்லை. குழாயில் தண்ணீர் பிடித்து, குறட்டையின் இடைவெளிகளில் சொட்டு விட்டாள். ஐந்து. ஆறு. ஏழு. எட்டாவது சொட்டில் நீலம் சட்டென்று மஞ்சளானது.

நாளுக்கு ஒன்றாக இறங்கியது, இன்று ஒரே நாளில் இரண்டு சொட்டுக் குறைந்திருக்கிறது. அவள் எடுக்கவில்லை. வெண்டல் எடுக்கவில்லை. தொட்டிக்குள் அந்த எலும்புச் சரக்கைச் சாப்பிடக்கூடியது ஒன்றே ஒன்றுதான். மூக்கு கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். ஊதாக் கிளைகளில், வெந்த இடத்துக்குக் கீழே, ஊசிமுனை அளவு வாய்கள் நூற்றுக்கணக்கில் திறந்திருந்தன.

"திங்குது," என்றாள் சத்தமாக. "வெண்டல், எழுந்திருங்க. திங்குது!"

"ம்? யாரு?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

மார்லிஸ் அரைக் கரண்டி சோடாவை மட்டம் தட்டி அளந்து எடுத்து, வெந்நீர் வைக்கப் போனாள்.